ஆறு மேசைகளும் சம்மதித்த நாள்

சமாதானத்தைப் பாடமாக நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தபோது இந்திராதேவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஆசிரியர்கள் அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அது 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அந்த ஏப்ரலில்தான் கொலராடோவில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து கூடப் படித்த பிள்ளைகளைச் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் இருந்த பள்ளிக்கூடமெல்லாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பதறிக்கொண்டிருந்தன. சில இடங்களில் கேமரா வைத்தார்கள். சில இடங்களில் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்தார்கள். ஃப்ரீமான்ட்டில் இந்திராதேவி வேலை பார்த்த ஹைஸ்கூலில், ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்துக்குள் கொஞ்சம் சமாதானத்தையும் சேர்த்து நடத்துவது என்று முடிவானது. கணக்கு வாத்தியார் பாவம், அவர் என்ன செய்வார் என்று யாரும் கவலைப்படவில்லை.

இந்திராதேவி பத்தாம் வகுப்புக்கு உலக வரலாறு நடத்துபவள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, எண்பத்து நான்கில் சிறீஸ்கந்தராசா என்ற இன்ஜினியரைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு வந்தவள். புருஷனுடைய பெயரை முழுசாகச் சொல்ல வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் நாக்கு வளையாததால் முதல் வருடமே 'மிஸஸ் ஸ்ரீ' ஆகிப்போனாள். வந்த பிறகு அவள் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. போகக்கூடிய வருடங்களில் மகள் தர்சனா கைக்குழந்தை. மகள் வளர்ந்தபோது சண்டையும் வளர்ந்துவிட்டது. இவளைப் பார்த்துச் சமாதானம் நடத்து என்றால் சிரிக்காமல் என்ன செய்வாள்?

ஆனாலும் நடத்தினாள், நன்றாகவே நடத்தினாள். ஐரோப்பாவை எடுத்துக்கொண்டாள். ஒரே தலைமுறையில் இரண்டு தடவை ஒருவரை ஒருவர் கோடிக்கணக்கில் கொன்று குவித்த நாடுகள், ஐந்தாறு வருடத்துக்குள் ஒரே மேசையில் உட்கார்ந்து நிலக்கரியையும் இரும்பையும் இனிப் பொதுவில் வைத்துக்கொள்வோம் என்று கையெழுத்துப் போட்ட கதை அது. துப்பாக்கி செய்ய இரும்பு வேண்டும், இரும்பு உருக்க நிலக்கரி வேண்டும், இரண்டும் பொதுவானால் யார் யாரைச் சுடுவது? பிள்ளைகளுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. வகுப்பறையில் இருந்த மேசைகளை ஆறு கூட்டமாகப் பிரித்தாள். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க். முதலில் சேர்ந்த ஆறு பேர். எந்த முடிவானாலும் ஆறு மேசையும் சம்மதிக்க வேண்டும், ஒரு மேசை மாட்டேன் என்றாலும் அது நடக்காது என்பது விளையாட்டின் விதி.

ஜெர்மனி மேசைக்குத் தலைவி வெண்பா. அவளுடைய அப்பா மாரிசாமி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பக்கத்து ஊர் மில்பிடாஸில் ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை. வெண்பா டிபேட் டீமில் இருந்தவள், கேள்வி கேட்பதென்றால் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல். வெளியே மளிகைக்கடையில் பார்த்தால் "ஹாய் ஆன்ட்டி" என்பாள், வகுப்புக்குள் 'மிஸஸ் ஸ்ரீ' தவிர மறுபேச்சு இல்லை. பிரான்ஸ் மேசைக்கு ஃபரீத். அவன் வீட்டார் காபூலிலிருந்து தப்பி வந்தவர்கள், ஃப்ரீமான்ட்டில் அப்படி நிறையப் பேர் உண்டு.

அக்டோபரில் ஐரோப்பியக் குடியுரிமைக்கு வந்தார்கள். ஒரு நாட்டின் குடிமகன் என்றால் எல்லா நாட்டுக்கும் குடிமகன் மாதிரி, எங்கேயும் போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம், ஊர்த் தேர்தலில் வோட்டுகூடப் போடலாம் என்று இந்திராதேவி விளக்கினாள். வகுப்பில் எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்தான்.

"அப்ப பார்டர்ல யாரும் நிறுத்த மாட்டாங்களா?" என்று ஃபரீத் கேட்டான்.

"மாட்டார்கள். பல இடங்களில் பார்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது."

"வாவ்," என்றான் அவன்.

அவள் ஐரோப்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. அது பிள்ளைகளுக்கும் தெரியாது, பிரின்சிபாலுக்கும் தெரியாது. அவளுடைய தம்பி நிரோஜன் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் அகதிகள் விடுதியில் இருந்தான். இரண்டு வருடமாக ஐரோப்பாவைப் பற்றி எந்தப் பத்திரிகையில் எது வந்தாலும் அவள் விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். படித்ததை எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது, வகுப்பில் கொட்டினாள்.

நிரோஜனுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. அம்மா நோயாளி என்பதால் அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தது இவள்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு அக்கா. காலையில் ஸ்கூலுக்குக் கிளம்புமுன் ஃபோன் கார்டைச் சுரண்டி எண்ணைப் போட்டுக் கூப்பிடுவாள். அங்கே அது பின்னேரம். விடுதி நடையில் ஒரு டெலிபோன் இருக்கும், யாராவது எடுத்து அவனைக் கூப்பிட்டு விடுவார்கள்.

வகுப்பில் பார்டர் இல்லாத ஐரோப்பாவைப் பற்றிச் சொன்ன அதே வாரம் அவன் ஒரு செய்தி சொன்னான்.

"அக்கா, பொலிஸ் எனக்கு ஃபைன் அடிச்சிட்டாங்கள்."

"ஏன்டா? என்ன செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்லை. பக்கத்து டவுனில ஒரு தமிழ்க்கடை இருக்கு. மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனனான். எங்களுக்கு இந்த மாவட்டத்தை விட்டு வெளியில போக பெர்மிஷன் வேணுமெல்லோ. பஸ்ஸில வச்சுப் பிடிச்சிட்டாங்கள்."

"கிழங்கையாவது விட்டாங்களோ?"

"ஓம், கிழங்கை விட்டுட்டாங்கள். அதுக்கு மாவட்டம் இல்லை."

இருவரும் சிரித்தார்கள். ஃபோனை வைத்துவிட்டு இந்திராதேவி காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிறிது நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் லக்ஸம்பர்க்கைப் பற்றிப் பாடம் நடத்தினாள்.

நிரோஜனுடைய கேஸில் ஒரு சிக்கல் இருந்தது. நம் ஆட்கள் அகதி விண்ணப்பத்தைக் கேஸ் என்றுதான் சொல்வார்கள். நடந்தது என்னவென்றால், தொண்ணூற்றாறில் அவனை ஒரு சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அவனுடைய இடது காது அன்றிலிருந்து சரியாகக் கேட்காது. ஆனால் கூட்டிவந்த ஏஜென்ட் அதைச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டான். பிடிபட்டிருந்தாய் என்றால் இயக்கக்காரன் என்று நினைத்துவிடுவார்கள், ஷெல் விழுந்து வீடு இடிந்தது என்று சொல் போதும் என்று ஒரு கதையை மனப்பாடம் பண்ணக் கொடுத்தான். அந்த மாதம் அதே ஏஜென்ட்டிடம் வந்த நாலு பேருக்கும் ஒரே வீடுதான் இடிந்தது. ஒரே தெரு, ஒரே மாமரம். விசாரித்த அதிகாரி என்ன முட்டாளா? நிராகரித்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த லாயர்தான், இருக்கிற உண்மையைச் சொல்லு தம்பி என்று காது டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கி அப்பீல் போட்டார். ஆக, கோர்ட்டில் இப்போது நிரோஜனுக்கு இரண்டு கதை இருந்தது. ஒன்று பொய், ஒன்று நிஜம், இரண்டும் அவன் வாயாலேயே சொன்னவை.

நவம்பர் மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, பசுபதி வெளிக்கிடுறான்." பசுபதி அவனோடு ஒரே அறையில் இருந்தவன். "வெள்ளிக்கிழமை பின்னேரம் லண்டனுக்கு ஒரு வாகனம் போகுதாம். இன்னும் ஒராளுக்கு இடம் இருக்கு. நான் என்ன செய்ய?"

"உன்ர அப்பீல் ஜனவரியில வருதெல்லோ? லோயர் என்ன சொல்றார்?"

"வெல்லலாம், தோக்கலாம் எண்டுறார். இதைச் சொல்றதுக்கு ஒரு லோயர் வேணுமே?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

"நினைச்சு நினைச்சு எனக்கு விசர் பிடிச்சுப் போச்சு. போற வழியில பிடிபட்டால் அப்பீலும் போச்சு. நிண்டு தோத்தால் நேர கொழும்புதான். நீங்கள் சொல்லுங்கோ அக்கா. நில் எண்டால் நிக்கிறன், போ எண்டால் போறன். வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ."

அன்று மாலை புருஷனிடம் கேட்டாள். சிறீஸ்கந்தராசா நிதானமான மனிதர், அவசரத்துக்கு ஆகமாட்டார்.

"ரெண்டிலயும் ரிஸ்க் இருக்கு, இந்திரா. அவன் வளந்த பெடியன். அவன்ர முடிவை அவன் எடுக்கட்டும். நீ சொல்லி ஏதும் பிழைச்சுதெண்டால் நீதான் பிறகு தாங்கமாட்டாய்."

"அவன் என்னட்டத்தானே கேக்கிறான்?"

"கேட்டால்? எனக்குத் தெரியாது எண்டு சொல்லு. அதுதானே உண்மை."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியான பேச்சை எந்த வீட்டில் யார் கேட்டிருக்கிறார்கள்?

மூன்று நாள் இந்திராதேவிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவளுக்குத் தோன்றிய வழி, எம்.ஏ. படித்த ஒருத்திக்கு, பிள்ளைகளுக்கு ஆதாரம் கேள், ஆதாரம் கேள் என்று தினமும் சொல்லிக்கொடுக்கும் ஒருத்திக்குத் தோன்றக் கூடாத வழி. அவள் பூக்கட்டிப் பார்க்க முடிவு செய்தாள்.

அவள் அம்மா பூக்கட்டிப் பார்க்காமல் வீட்டில் எந்தப் பெரிய காரியத்தையும் தொடங்கியதில்லை. வெள்ளைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, சாமி முன்னால் வைப்பாள். வெள்ளை வந்தால் செய்வது, சிவப்பு வந்தால் விடுவது. ஒன்றும் அறியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வாள். அமெரிக்க மாப்பிள்ளை வந்தபோது அப்படி எடுத்துக் கொடுத்தவன் நிரோஜன். வெள்ளை வந்தது, அக்கா போய்விடுவாள் என்று தெரிந்ததும் பையன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அம்மாவின் இந்தப் பழக்கத்தை இந்திராதேவி கேலி பண்ணாத நாள் இல்லை. ஆனால் கேலி பண்ணியது வேறு, அது நெஞ்சுக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது வேறு.

இந்த ஊரில் கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் கேட்க அவளுக்கு வெட்கம். தர்சனாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னால், "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்பாள். அப்போதுதான் வியாழக்கிழமை வகுப்பு ஞாபகம் வந்தது. ஒன்றும் அறியாத பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள். ஆறு மேசை இருக்கிறது. ஆறும் சம்மதித்தால் தம்பி நிற்கட்டும். ஒன்று மறுத்தாலும் வாகனத்தில் ஏறட்டும். சாமி எந்தப் பிள்ளையின் கை வழியாகவும் பேசலாம், அது ஆப்கானியப் பிள்ளையானால் என்ன, கோயம்புத்தூர்ப் பிள்ளையானால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு கணக்கில் அதுவும் சமாதானப் பாடம்தான்.

வியாழக்கிழமை காலை போர்டில் எழுதினாள்: 'மிஸ்டர் என்'. இருபத்தைந்து வயது. போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்தவர். எந்தக் குற்றமும் செய்யாமல் ஐந்து மாதம் அடைபட்டிருந்தார். ஒரு காது கேட்காது. உங்களோடு இருக்க இடம் கேட்கிறார், காலம் வந்தால் உங்களைப் போலக் குடிமகனாகவும் ஆசைப்படுகிறார். நிஜத்தில் இப்படி ஆறு நாடு கூடி ஒரு ஆளைப் பற்றி முடிவு எடுப்பதில்லை என்று அவளே சொன்னாள். ஆனால் சமாதானத்தைக் கட்டியவர்கள் அதை யாரோடு பங்கு போடுவார்கள் என்று பார்ப்போம் என்றாள். இடிந்த வீட்டைப் பற்றி, அந்த மாமரத்தைப் பற்றி, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிள்ளைகள் விளையாட்டாகத் தொடங்கினார்கள், போகப் போக விளையாட்டு மறந்துபோயிற்று. இத்தாலி மேசை வேலை கிடைக்குமா என்று கேட்டது. பெல்ஜியம் மேசை அவருக்கு நம் பாஷை தெரியுமா என்றது. ஃபரீத் எழுந்து, தன் அப்பா காபூலில் டாக்டராக இருந்தவர், இங்கே வந்து டாக்ஸி ஓட்டினார், யாரோ ஒரு மேசை அவருக்குச் சம்மதம் சொல்லியிருக்கும்தானே என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதன் பிறகு ஒவ்வொரு மேசையாகச் சம்மதம் வந்தது. ஐந்து மேசை முடிந்தது. மிஞ்சியது ஜெர்மனி.

வெண்பா பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தாள்.

"மிஸஸ் ஸ்ரீ, ஒரே ஒரு கேள்வி. இவர் சொல்றதுக்கு சாட்சி யாரும் கிடையாது. அப்ப இவரை நம்பணும்னா இவர் பேச்சை வச்சுத்தான் நம்பணும். வந்த முதல் நாள்லேர்ந்து இதே கதையைத்தான் சொல்றாரா?"

பதினைந்து வயதுப் பிள்ளை, நேராக வந்து அந்த இடத்திலேயே விரலை வைத்துவிட்டாள். பேச்சுவார்த்தையில் எதிரில் இருப்பவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று செப்டம்பரில் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். தம்பி தோற்பதை இந்த வகுப்பறையில்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

"ஆமாம்," என்றாள். "முதல் நாளிலிருந்து இதே கதைதான்."

"அப்படின்னா ஜெர்மனிக்கு ஓகே," என்றாள் வெண்பா.

வகுப்பு கைதட்டியது. ஃபரீத் மேசையில் தாளம் போட்டான். அத்தனை பிள்ளைகளும் சந்தோஷமாக இருந்தார்கள், முன்பின் பார்த்திராத ஒரு ஆளுக்காக. அதைப் பார்த்து இந்திராதேவிக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நல்ல பிள்ளைகள் சொன்னால் அது நடக்காமல் போகுமா என்று நினைத்தாள். பூக்கட்டுகிறவள் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிட்டாள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. அப்படிச் சொல்வதுகூடப் பொய். உறைத்தது, அவள்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மதிய இடைவேளையில் கார் நிறுத்துமிடத்தில் இருந்த பப்ளிக் டெலிபோனிலிருந்து கூப்பிட்டாள். நிரோஜன் டெலிபோன் பக்கத்திலேயே காத்திருந்தான்.

"நில்," என்றாள்.

"நிச்சயமா அக்கா?"

"நிச்சயமா. அப்பீல் வெல்லும்."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவன் சிரிப்பது கேட்டது.

"அக்கா, பூக்கட்டிப் பாத்தனீங்களோ?"

"ஓம்," என்றாள்.

"வெள்ளையோ?"

"வெள்ளைதான்டா."

"அப்ப சரி." அவன் குரலில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. "அப்ப நான் போய் நித்திரை கொள்ளப் போறன். மூண்டு நாளா நித்திரை இல்லை. பசுபதியிட்ட நான் வரேல்லை எண்டு சொல்லிவிடுறன்."

ஜனவரியில் கோர்ட் கூடியது. நீதிபதி அவனுடைய இரண்டு வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதை நான் நம்ப என்று கேட்டாராம். காது டாக்டரின் சர்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டு, காது எதனால் வேண்டுமானாலும் கெடலாம் என்றாராம். லாயர் இதையெல்லாம் டெலிபோனில் ஆங்கிலத்தில் சொல்லி, ஐ ஆம் சாரி என்று இரண்டு முறை சொன்னார். மனிதர் நல்லவர். நல்லவர்களால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு அதிகாலை விடுதிக் கதவைத் தட்டி நிரோஜனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விமானம் ஏற்றுமுன் ஒரு ஃபோன் பேச விட்டிருக்கிறார்கள்.

"அக்கா, கொண்டு போறாங்கள். நீங்கள் அழாதேங்கோ. பூ பிழைச்சால் நீங்கள் என்ன செய்றது?"

அதுதான் அவன் அவளோடு பேசிய கடைசிப் பேச்சு. கொழும்பில் விமானத்தை விட்டு இறங்கியதுமே பிடித்துக்கொண்டார்களாம். அவள் அங்கே ஏற்பாடு செய்த ஒரு லாயர் இரண்டு வாரம் அலைந்து, ஆள் உள்ளே இருக்கிறான், உயிரோடு இருக்கிறான், ஆனால் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று தகவல் சொன்னார். அதன் பிறகு அந்தத் தகவலும் நின்றுபோயிற்று.

லண்டனிலிருந்து பசுபதி கூப்பிட்டான். அவன் போய்ச் சேர்ந்து ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை பார்க்கிறான், தற்காலிகமாக ஒரு விசாவும் கொடுத்திருக்கிறார்கள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் அழுதான்.

"வழியில ஒருத்தரும் மறிக்கேல்லை அக்கா. சும்மா பிக்னிக் போற மாதிரிப் போனனாங்கள். எனக்குப் பக்கத்து இடம் வெறுமையாத்தான் வந்தது."

இந்திராதேவி ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தாள். சிறீஸ்கந்தராசா நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். தர்சனா வந்து கட்டிலில் உட்கார்ந்து, "இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட், அம்மா" என்றாள். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

திரும்ப ஸ்கூலுக்குப் போன அன்று மெயில்பாக்ஸில் ஒரு வாழ்த்து இருந்தது. பள்ளிக்கூடங்களின் கமிட்டி அவளுடைய ஐரோப்பியக் குடியுரிமைப் பாடத்தை அந்த வருடத்தின் சிறந்த சமாதானப் பாடமாகத் தேர்ந்தெடுத்திருந்தது. ஏப்ரலில் மற்ற ஆசிரியர்களுக்கு அதை அவள் செய்து காட்ட வேண்டுமாம். மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

இதற்குள் விஷயம் ஊரில் பரவிவிட்டது. மௌரி அவென்யூ மளிகைக்கடையில் கத்தரிக்காய் பொறுக்கும் நேரத்தில் பரவாத சமாச்சாரம் ஃப்ரீமான்ட்டில் கிடையாது. வெண்பாவின் அம்மா வசந்தாமணி அங்கேதான் கேள்விப்பட்டாள். வீட்டுக்கு வந்து, பாவம்டி உங்க மிஸ், அவங்க தம்பிய ஜெர்மனிலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்களாம், ஜெயில்ல இருந்து காது போன பையனாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். வெண்பாவுக்கு அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் மட்டும் வகுப்பறையில் நின்றாள்.

"மிஸஸ் ஸ்ரீ, அந்த மிஸ்டர் என் உங்க பிரதரா?" என்று வழக்கம்போல் ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

இந்திராதேவி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"நாங்க எல்லாரும் நம்பினோமே. கோர்ட்ல ஏன் நம்பல?"

மழுப்பியிருக்கலாம். சட்டம் அப்படி, அரசியல் இப்படி என்று ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளையிடம் இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"அவன் முதலில் வேறு கதை சொன்னான். பொய்க்கதை. கூட்டிவந்தவன் சொல்லிக்கொடுத்தது. பிறகுதான் உண்மையைச் சொன்னான்."

வெண்பாவின் முகம் மாறியது.

"நான் அதைத்தானே கேட்டேன்."

"கேட்டாய்."

"நீங்க ஒரே கதைதான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

பிள்ளை கோபப்படுவாள் என்று இந்திராதேவி எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. டிபேட் டீமில் பழகிய பிள்ளை, எதையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துத்தான் பேசுவாள். புரட்டிப் பார்த்துவிட்டு மிகவும் சங்கடப்பட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உங்ககிட்டப் பொய் சொல்ல எனக்குப் பிடிக்கல, மிஸஸ் ஸ்ரீ. நீங்க அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா, நான் நோ சொல்லியிருப்பேன். ஐ ஆம் ரியலி சாரி."

தன் வாயால் ஒரு மனிதனை மறுபடியும் விமானம் ஏற்றிவிட்டதாக நினைத்து அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு 'நோ' போதும் என்று அவளுக்குத் தெரியாது. அது வந்திருந்தால் அன்று மதியம் இந்திராதேவி கார் நிறுத்துமிடத்தில் நின்று போ என்று சொல்லியிருப்பாள், பசுபதிக்குப் பக்கத்து இடம் வெறுமையாக வந்திருக்காது, நிரோஜன் இந்நேரம் லண்டனில் பெட்ரோல் அடித்துக்கொண்டிருப்பான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் ஒரு பிள்ளை கேட்டது. கேட்ட பிள்ளையின் வாயை அடைத்தவள் இவள்.

"நோ சொல்லியிருக்கலாம், பிள்ளை," என்றாள் இந்திராதேவி. வகுப்பறைக்குள் அவள் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. "நீ நோ சொல்லியிருக்கலாம்."

வெண்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆனா நீங்க... எஸ்தானே எதிர்பாத்தீங்க?"

"ஓம்," என்றாள் இந்திராதேவி. "ஓம், அம்மா."

மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அவள் அழத் தொடங்கினாள். வராந்தாவில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும் சத்தம் கேட்டது. வெண்பா போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.